மெஷின் ஓடாத மாதங்கள்

அவருடைய சொந்தப் பெயரை வேலையிடத்தில் யாரும் கூப்பிட்டு அவரே கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ரசமட்டம். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவிக்குத்தான் அந்தப் பெயர். ஒரு சட்டம், அதன் நடுவே சின்னக் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் பச்சைத் திரவம், அதற்குள் நீந்தும் ஒரு குமிழி. டைல்ஸ் போடுகிறவர்கள் எல்லோரிடமும் இருப்பதுதான். இவர் அதைப் பின்பாக்கெட்டில் செருகியபடியே டீக்கடைக்கும் போவார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். அவர் போட்ட குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தால் ஒரு சொட்டுக்கூட முரண்டு பிடிக்காமல் ஓட்டையைப் பார்த்து ஓடும். அந்தப் பெயரில் அப்போது ஒரு மரியாதை இருந்தது.

பிற்பாடு, காலையிலேயே அவர் வாயில் வாடை அடிக்க ஆரம்பித்த பிறகு, கூட வேலை பார்க்கிறவர்கள் அதற்கு வேறு அர்த்தம் கண்டுபிடித்தார்கள். "டேய், அந்தக் குழாய ஒளிச்சு வைங்கடா. உள்ள இருக்கறதும் ஸ்பிரிட்டுதான். இவரு அதையும் விடமாட்டாரு" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். வீட்டுக்குப் போகும் வழியில் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரும்போது கடைக்குள் நுழைந்துவிடுவார்.

குடியை விட அவர் முயலாமல் இல்லை. குடித்தால் குமட்டும் மாத்திரை சாப்பிட்டார். குமட்டக் குமட்டக் குடித்தார். மறுவாழ்வு இல்லத்தில் மாதக்கணக்கில் தங்கினார். அங்கே எல்லோருக்கும் பிடித்த ஆள் அவர்தான். சமையலறையில் பெயர்ந்திருந்த தரையைக்கூடச் சரிசெய்து கொடுத்தார். வெளியே வந்த அன்றே திரும்பவும் தொட்டார். ஒரு தடவை வீம்பாக நிறுத்தியபோது வலிப்பு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு சாரத்திலிருந்து விழுந்தார். மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார், அந்தக் கை ஈரம் காய்வதற்குள் மீறியும் இருக்கிறார். கடைசியில் "விட்டுட்டேன்" என்று அவர் சொன்னால் வீட்டில் யாரும் செய்கிற வேலையிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை என்ற நிலை வந்தது.

இதையெல்லாம்விட அவரை உள்ளே அரித்தது ஒரு கண்ணாடி அலமாரி.

மனைவியின் தம்பி அவரிடம் கலவை போடுகிறவனாக இருந்தான். ஒட்டும் கலவையைக் கட்டி தட்டாமல், தண்ணீர் கூடாமல், சரியாகத் தயிர்ப் பதத்தில் குழைத்துக் கொடுப்பான். வாய் பேசமாட்டான். ஊருக்குப் போயிருந்த ஒரு தம்பதியின் வீட்டில் குளியலறைகளைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. சாவியை மச்சினன்தான் வைத்திருந்தான். கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் பல நாட்டு பாட்டில்கள், பாதி திறக்காதவை. ரசமட்டம் முதலில் ஒன்றில் ஒரு மிடறு குடித்தார். அது தெரியாமலிருக்கக் கடுந்தேநீர் ஊற்றி நிரப்பினார். வேலை பாதி முடிவதற்குள் அலமாரியில் இருந்ததெல்லாம் தேநீர்தான்.

வீட்டுக்காரர்கள் திரும்பி வந்து ஒன்றைத் திறந்து மோந்து பார்த்ததும் வீடு இரண்டுபட்டது. மேஸ்திரி ஓடி வந்தார். கட்டட வேலைக்கு ஆள் எடுப்பதும் அனுப்புவதும் அவர்தான். "சாவி யார்கிட்ட இருந்துச்சு?" என்றார். மச்சினன் ரசமட்டத்தைப் பார்த்தான். அவர் மண்டியிட்டு டைல்ஸ் இடுக்குகளில் பிதுங்கிய சிமெண்டைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். தன் முதுகின் மேல் அந்தப் பார்வை விழுவது தெரிந்தது. அவர் நிமிரவில்லை. ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தார். மேஸ்திரி மச்சினனை வாசல்வரை கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டார். திருட்டுப் பட்டம் விழுந்தவனைப் பிறகு எந்த மேஸ்திரியும் சேர்க்கவில்லை. ரொம்ப நாள் சும்மா இருந்து, அப்புறம் ஒரு பிரெட் கம்பெனியில் வண்டி ஓட்டப் போனான். அக்காவிடம்கூட அவன் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று ரசமட்டத்துக்கு இருந்தது.

மூளைக்குள் கம்பி வைக்கும் சிகிச்சையைப் பற்றி மகள்தான் கேட்டுக்கொண்டு வந்தாள். அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். பெரிய மருத்துவமனையில் ஆராய்ச்சியாக அதைச் செய்கிறார்கள், எதற்கும் மசியாத குடிநோயாளிகளைத்தான் எடுக்கிறார்கள் என்றாள். "அந்தத் தகுதி உங்களுக்கு இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ஆசை பிறக்கிற இடம் என்று மூளையின் ஆழத்தில் ஒரு பகுதி உண்டு, குடியில் ஊறியவர்களுக்கு அது தறிகெட்டுப் போயிருக்கும், அங்கே முடிபோன்ற இரண்டு கம்பிகளை இறக்கி, கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே மார்புத் தோலுக்கடியில் பேட்டரி மெஷின் ஒன்றைப் பதித்து, இடைவிடாமல் லேசான மின்சாரம் கொடுப்போம் என்றார். "இது இன்னும் ஆராய்ச்சிதான். சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கல. இன்னொண்ணு, எல்லாருக்கும் மெஷினப் பொருத்துவோம், ஆனா முதல் ஆறு மாசம் பாதிப் பேருக்கு முடுக்கமாட்டோம். யாருக்கு ஓடுது, யாருக்கு ஓடலைன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் சொல்லமாட்டாங்க. அப்பத்தான் உண்மை தெரியும்."

கணவனும் மனைவியும் தலையாட்டினார்கள். ஆனால் பாதிப் பேர் என்று டாக்டர் சொன்னது வேறு யாரையோ என்றுதான் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். மண்டையைத் திறந்து ஒன்றை வைத்துவிட்டு யாராவது சும்மா விடுவார்களா?

மொட்டைத்தலையில் இரண்டு புடைப்புகளோடும் மார்பில் தீப்பெட்டி அளவு மேட்டோடும் வீடு திரும்பினார். சில வாரத்தில் அதிசயம் நடந்தது. டைல்ஸ் கடைக்குப் போகிற வழியில் அவருடைய பழைய மதுக்கடை இருந்தது. ஒரு நாள் அதைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான், தாண்டிவிட்டோம் என்பதே அவருக்கு உறைத்தது. அங்கேயே நின்று திரும்பிப் பார்த்தார். கடை பாட்டுக்குக் கடையாக இருந்தது. கால் அந்தப் பக்கம் இழுக்கவில்லை. ஆசையே இல்லை என்று சொல்ல முடியாது. வந்தது, ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோபோல வந்து போனது.

எல்லாம் மெஷினின் வேலை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மார்பில் எறும்பு ஊர்வதுபோலக் குறுகுறுக்கிறது என்பார் அவர். மிக்ஸி ஓடும்போது மனைவி அவரைச் சமையலறைக்குள் விடமாட்டாள். "தள்ளிப் போங்க, ரெண்டும் சண்டை போட்டுக்கப் போவுது" என்பாள். அவள் திரைச்சீலைக் கடையில் தையல்காரி. காலையில் கிளம்பும்போது அவர் மார்பு மேட்டை இரண்டு விரலால் தட்டி, "சமத்தா ஓடுடா ராஜா" என்று அதனிடம் சொல்லிவிட்டுப் போவாள். இத்தனை வருஷத்தில் அவரை அவள் ராஜா என்று சொன்னதில்லை. மெஷினைச் சொன்னாலும் சொல் அவர் மார்பில்தானே விழுகிறது என்று அவர் சந்தோஷப்பட்டார்.

அந்தத் தைரியத்தில்தான் கண்ணாடி அலமாரி விஷயத்தையும் வெளியே கொட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மச்சினனும் இருக்கும்போது, சாப்பாட்டு மேஜையில் சொன்னார். "அது நான்தான் மாப்ளே. என் மூளைல அந்த இடம் கெட்டுப்போயிருக்கு. அதுதான் என்னைய அப்படிப் பண்ண வெச்சிருச்சு. நானா இருந்தா உனக்குப் போய் அப்படிப் பண்ணுவனா?"

மனைவி முகம் வெளுத்தது. பிறகு நீளமாக மூச்சு விட்டாள். "நோய்தானடா. நோயாளிகிட்ட என்னத்தக் கணக்குப் பாக்கறது?" என்று தம்பியிடம் சொன்னாள். அவன் "சரி மாமா" என்றான். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தான், கை கழுவினான், போய்விட்டான். ரசமட்டத்துக்குப் பெரிய பாரம் இறங்கியது.

ஆறு மாதம் முடிந்து டாக்டரம்மா வரச் சொன்ன அன்று மனைவிக்குக் கடையில் வேலை நெரிசல். அவர் மட்டும் போனார்.

டாக்டரம்மா எழுந்து வந்து கையைக் குலுக்கினார். "ரொம்பப் பெரிய விஷயம் பண்ணியிருக்கீங்க. இன்னிக்கு உங்க மெஷின முடுக்கப்போறோம்."

"முடுக்கறதா? அதான் ஓடிட்டிருக்கே."

"இல்லைங்க. நீங்க ஓடாத பாதியில இருந்தீங்க. எனக்கே நேத்துதான் தெரியும்."

அவர் கை தன்னால் மார்பு மேட்டுக்குப் போனது. "குறுகுறுன்னு இருந்துச்சே டாக்டர்" என்றார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று காது சுட்டது.

"அது தையல் ஆறின குறுகுறுப்பா இருக்கும்."

"அப்ப… முன்னாடியே என்னால முடிஞ்சிருக்குமா? இவ்வளவு வருஷமா?"

"அப்படிச் சொல்லமாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "கம்பி உள்ள போனதே ஏதாவது பண்ணியிருக்கலாம். வாராவாரம் நாங்க பாத்தோம், வீட்டுல நம்புனாங்க, நீங்களும் நம்புனீங்க. இதுல எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது. நோய் நோய்தான். அதுல மாத்தமில்ல. நீங்க சந்தோஷப்படணும்."

மெஷினை முடுக்கினார்கள். ஒன்றும் தெரியவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவருக்குக் கையும் களவுமாகப் பிடிபட்டவனைப்போல உடம்பு கூசியது. டாக்டர் சொன்னதில் பாதி காதிலேயே விழவில்லை. விழுந்தது ஒன்றுதான்: மெஷின் ஓடவில்லை, இருந்தும் குடிக்கவில்லை. அப்படியானால் மகளின் பள்ளிக்கூட வாசலில் விழுந்து கிடந்தது யார்? மனைவியின் வளையலைக் கழற்றியது யார்? பஞ்சால் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தது யார்? எல்லாவற்றையும் மூளையில் ஒரு மூலையின் தலையில் கட்டிவிட்டு, அவர் பாட்டுக்கு மன்னிப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் சொல்லவில்லை. "எல்லாம் நல்லா ஓடுதாம்" என்றார். மறுநாள் காலை மனைவி வழக்கம்போல இரண்டு விரலால் தட்டி, "சமத்தா ஓடுடா ராஜா" என்றபோது அவர் சட்டென்று பின்னால் நகர்ந்துவிட்டார். "என்ன, வலிக்குதா?" என்றாள். "ஆமா" என்றார். குடிக்காமலே சொல்லும் பொய் குடித்துச் சொல்லும் பொய்யைவிட வாய்க்குள் அதிகம் கசந்தது. அவள் அன்று மாலை தைலம் வாங்கி வந்தாள். அந்தத் தைலச் சீசாவைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை.

முதலில் மச்சினனிடம் போனார். மதியம் பிரெட் கம்பெனியின் பின்வாசலில் அவன் காலித் தட்டுகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் வேலையை நிறுத்தவில்லை. இவரும் ஒரு தட்டடுக்கைப் பிடித்து இறக்கினார். அடுக்கின் அந்தப் பக்கத்தில் அவன் முகம் மறைந்திருந்தது வசதியாக இருந்தது.

"மாப்ளே, அந்த மெஷின் ஓடவே இல்லையாம். இத்தனை மாசமும் அணைஞ்சுதான் கெடந்துச்சாம். முந்தாநேத்துதான் முடுக்குனாங்க."

அவன் தட்டுகளைக் கீழே வைத்தான். "அப்ப குடிக்காம இருந்தது?"

"நான்தான்."

"அப்ப அன்னிக்கு அந்த வீட்டுல குடிச்சது?"

"அதுவும் நான்தான்."

"பஞ்ச வெச்சு தொடச்சிட்டே இருந்தீங்களே, அது?"

அவன் அதைக் கவனித்திருக்கிறான் என்பது இவ்வளவு நாளும் அவருக்குத் தெரியாது. "நான்தான் மாப்ளே."

மச்சினன் வண்டியின் படியில் உட்கார்ந்தான். "அன்னிக்குச் சாப்பாட்டு மேஜைல மூளை பண்ணுச்சு, நோய் பண்ணுச்சுன்னீங்க. நோய்கிட்ட நான் என்னத்தச் சண்டை போடறது? கேக்கறதுக்கு ஒரு ஆள்கூட இல்லாம போச்சேன்னு இருந்துச்சு எனக்கு. சோறு எறங்கல மாமா."

"எறங்கலையா? முழுசும் சாப்பிட்டியே?"

"அக்கா செஞ்சது. வெச்சுட்டுப் போனா அவ மனசு சங்கடப்படும்." அவன் கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினான். "இப்பக் கேக்கறேன். ஏன் மாமா பண்ணீங்க?"

பதில் சொல்ல அவர் வாயைத் திறந்தார். நடுக்கம், ஆசை, நோய் என்று பழகிய சொற்கள் வரிசையில் வந்து நின்றன. அவற்றை விழுங்கினார். "என்னைய அனுப்பிட்டா அடுத்த வீட்டுல அலமாரி கெடைக்காதேன்னு நெனச்சேன். உன்னைப் பத்தி நெனக்கவே இல்ல."

திட்டினாலும் அடித்தாலும் வாங்கிக்கொள்ள அவர் நின்றார். "மன்னிக்கறதெல்லாம் மெல்லப் பாக்கலாம். நீங்க அக்காகிட்ட இத சொல்லுங்க. அப்புறம் மேஸ்திரிகிட்ட" என்று எழுந்தான்.

மனைவியிடம் அன்று மாலையே சொன்னார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் ஊசியை மெத்தையில் குத்தி வைத்தாள். இத்தனை வருஷமும், எவ்வளவு குடித்து வந்தபோதும், "நீங்க" என்றே பேசியவள்.

"அப்ப உன்னால முடிஞ்சிருக்கும்" என்றாள்.

"அப்படி இல்லைன்னு டாக்டர்…"

"டாக்டர் சொல்றது இருக்கட்டும். நான் தெனமும் அந்த டப்பாவுக்கு ராஜா ராஜான்னு கும்பிடு போட்டேனே. நீ பாத்துட்டு நின்னியே."

"எனக்கும் தெரியாதுல்ல."

"முந்தாநேத்து தெரிஞ்சுச்சுல்ல? நேத்துக் காலைல தட்டுனப்ப தெரியும்ல? தைலம் வாங்கிட்டு வந்தேனே."

அவமானத்தின் வேகத்தில் அவருக்கு ஒரு வீராப்பு வந்தது. "மெஷின அணைச்சிரச் சொல்றேன். அது இல்லாமலே இருந்து காட்டறேன், பாரு."

"ஒண்ணும் வேணாம்" என்று எழுந்துவிட்டாள் அவள். "உன் வீரத்தக் காட்டறதுக்கு எங்களப் பணயம் வெக்காத. ஓடறது ஓடட்டும். நீயும் சேந்து ஓடு."

அதற்குப் பிறகு பல நாள் அவளும் அவரும் தேவைக்கு மட்டும் பேசினார்கள். மார்பைத் தட்டுவது நின்றுபோனது.

மேஸ்திரியிடம் மச்சினனையும் கூட்டிப் போக நினைத்தார். "நான் எதுக்கு? நீங்க சொல்றத நின்னு வேடிக்கை பாக்கவா?" என்று அவன் மறுத்துவிட்டான். தனியாகப் போனார். மதியச் சாப்பாட்டு நேரம், பாதி கட்டிய கூடத்தில் ஆட்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நின்று, "அந்த வீட்டு பாட்டில் எல்லாத்தையும் காலி பண்ணது நான். என் மச்சினன் இல்ல" என்றார். மெல்லுகிற வாய்கள் நின்றன.

மேஸ்திரி மட்டும் நிமிராமல் சாப்பிட்டார். "உக்காருய்யா ரசமட்டம். அது எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியுமா?"

"உன் வாய் வாடை எனக்குத் தெரியாதா? மூணு பாத்ரூம் பாக்கி இருந்துச்சு. கலவை போட எவன் வேணா கெடைப்பான். உன் கை எங்க கெடைக்கும்? யாரையாவது அனுப்பினாத்தான் வீட்டுக்காரன் அடங்குவான். அதான் அவன அனுப்பினேன்." சொல்லி முடித்ததும், ஆட்கள் எல்லோரும் தன்னையே பார்ப்பது மேஸ்திரிக்கு உறைத்தது. தண்ணீரை எடுத்துக் குடித்தார். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல" என்று முணுமுணுத்தார்.

ரசமட்டம் தன் கைகளைப் பார்த்தார். குடியால் மானம் போனபோதெல்லாம் அவர் மிச்சம் வைத்துக்கொண்ட பெருமை அந்தக் கை ஒன்றுதான். மச்சினன் பிழைப்பு அந்தக் கைக்காகப் போயிருக்கிறது. அவருக்கு அதைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொள்ளவேண்டும்போல இருந்தது.

மேஸ்திரி அடுத்த வாரம் பிரெட் கம்பெனி வாசலில் போய் நின்று மச்சினனை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார். "வேணாங்க. பிரெட்டு என்னையச் சந்தேகப்படாது" என்று அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆனால் அதை அக்கா வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தான். ரசமட்டமும் அங்கே இருந்தார். தானும் சிரிக்கலாமா என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தோடு அவர் திருந்திவிட்டார் என்று சொல்லி முடிக்கலாம். நடந்தது அப்படி இல்லை. மழைக்காலத்தில் ஒரு மதியம், மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவர் குடித்தார். பெரிய காரணம் ஒன்றுமில்லை. வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது, கையில் ஒரு மதியம் முழுக்க மிச்சம் இருந்தது. கடைக்குள் போனார், இரண்டு கிளாஸ் குடித்தார், மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார், வைத்துவிட்டு வெளியே வந்தார். முன்பெல்லாம் இந்த இடத்திலிருந்து ஒளிவதுதான் வழக்கம். வாய்க்கு ஏலக்காய், சட்டைக்கு செண்ட், தலைவலி என்று ஒரு பொய். அன்று மழையில் நனைந்துகொண்டே நேராக மனைவியின் திரைச்சீலைக் கடைக்குப் போனார்.

கடையில் கூட்டம். அவள் மேஜையில் துணியை விரித்து அளந்துகொண்டிருந்தாள். அவர் மேஜையின் இந்தப் பக்கம் நின்று, "குடிச்சிட்டேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். இருந்தும் பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்த பெண் ஓரடி நகர்ந்தாள்.

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "எப்ப?"

"இப்பத்தான். நேரா இங்க வர்றேன்."

அவள் முகத்தில் வந்தது கோபமா அழுகையா என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. "நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட போலாம். நானும் வர்றேன். கடை மூடற வரைக்கும் அந்த ஸ்டூல்ல உக்காருங்க" என்றாள்.

"வாடை வருமே. ஆளுங்க வர்ற எடம்…"

"வரட்டும்."

சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு, தொங்கும் திரைச்சீலைகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்தார். வருகிறவர்கள் பார்த்தார்கள், மூக்கைச் சுளித்தார்கள், சுற்றிக்கொண்டு போனார்கள். எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது. ஓடவில்லை. ஒரு நடுவயதுப் பெண் நீளமான துணி ஒன்றை விரித்துப் பார்க்கவேண்டும் என்றாள். கடையில் வேறு ஆள் இல்லை. மனைவி துணியின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, "தூக்கிப் பிடிங்க" என்றாள். அவர் எழுந்து, கையை உயர்த்தி முனையைப் பிடித்துக்கொண்டார். தன் மூச்சு அந்தப் பெண்ணின் மேல் படாமலிருக்க முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் தள்ளி நின்று நிறம் பார்த்தாள், கிட்ட வந்து நெசவு பார்த்தாள், மறுபடி தள்ளிப் போனாள். அவர் கை வலித்தது.

"இன்னும் கொஞ்சம் மேல" என்றாள் மனைவி. அவர் உயர்த்தினார்.